சாலையைப் பார்த்து ஊரைச் சொல்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



பெற்றோருக்குப் பயன்படும்படி ஏதாவது பேசுங்கள் என்று தலைமையாசிரியர் சொன்னார். கல்வியின் பெருமை, ஒழுக்கத்தின் உயர்வு என்று பேசலாம். அவற்றை என்னைவிட நன்றாகப் பேசக்கூடிய பெரியவர்கள் மேடையில் இருக்கிறார்கள். ஆகவே இந்த ஆண்டு பல பெற்றோர் என்னிடம் கேட்ட ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

அந்தக் கேள்வி இதுதான். "டீச்சர், பையன் கைப்பேசியிலே ரோட்டுப் படமாப் பார்த்துக்கிட்டு இருக்கான். என்னடான்னு கேட்டா, டீச்சர்தான் சொல்லிக் கொடுத்தாங்கன்னு சொல்றான். ரோட்டைப் பார்க்கிறதுக்கெல்லாம் ஒரு படிப்பா?"

ஆமாங்க, அது ஒரு படிப்புதான். அது என்ன படிப்பு, நம் பிள்ளைகளுக்கு அது ஏன் வேண்டும் என்பதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். கூகுள் நிறுவனம் 2007 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு வேலையைத் தொடங்கியது. கார் கூரையின் மேல் எல்லாப் பக்கமும் பார்க்கும் கேமராவைப் பொருத்தி, தெருத் தெருவாக ஓட்டிப் படம் எடுத்தார்கள். பிறகு நாடு நாடாகப் போனார்கள். நம் மலேசியச் சாலைகளிலும் அந்தக் கார் ஓடியிருக்கிறது. அந்தப் படங்களை வைத்து 2013 இல் சுவீடன் நாட்டுக்காரர் ஒருவர், அந்தோன் வாலேன் என்பவர், ஜியோகெஸர் என்ற விளையாட்டை உண்டாக்கினார். திரையில் உலகத்தின் ஏதோ ஒரு சாலை வரும். ஊர்ப் பெயர் சொல்ல மாட்டார்கள். சுற்றிச் சுற்றிப் பார்த்து, இது எந்த நாடு, எந்தப் பகுதி என்று யோசித்து, உலக வரைபடத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். புள்ளி உண்மையான இடத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு மதிப்பெண். ஒரு சுற்றுக்கு அதிகம் போனால் 5,000. ஐந்து சுற்று ஓர் ஆட்டம்.

சின்னப் பிள்ளை விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். 2023 இல் சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் இதற்கு உலகக் கோப்பைப் போட்டியே நடந்தது. நல்ல ஆட்டக்காரர்கள் மண்ணின் நிறத்தையும் மின்கம்பத்தின் வடிவத்தையும் சாலைக் கோட்டையும் பார்த்து, சில நொடிகளில் நாட்டைச் சொல்லிவிடுகிறார்கள். மந்திரம் ஒன்றுமில்லை. பார்க்கப் பழகியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆசிரியர் பயிற்சியின் போது எங்களுக்கு முதலில் சொல்லிக் கொடுத்த பாடம், தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போக வேண்டும் என்பது. ஆகவே பிரேசிலையும் நார்வேயையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் நம் நாட்டை அடையாளம் காண்போம் என்று ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் சொன்னேன். வகுப்பில் ஒரே ஒரு விதிதான். "இது கெடா" என்று சொன்னால் மதிப்பெண் கிடையாது. "இது கெடா, ஏனென்றால்..." என்று சொன்னால்தான் மதிப்பெண்.

அந்த "ஏனென்றால்" என்ற சொல்லுக்குப் பின்னால் என்னவெல்லாம் வந்தது என்று கேளுங்கள்.

முதலில் எண்களும் எழுத்துகளும். வண்டி எண் பலகை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆங்கில நெடுங்கணக்கின் முதல் நான்கு எழுத்துகளும் முறையே பேராக், சிலாங்கூர், பகாங், கிளந்தான். ஜொகூர், கெடா, மலாக்கா, நெகிரி செம்பிலான், பினாங்கு, திரங்கானு ஆகிய ஆறும் தத்தம் பெயரின் முதல் எழுத்தை வைத்திருக்கின்றன. பெர்லிசின் முதல் எழுத்து பினாங்கிடம் இருப்பதால், பெர்லிசுக்கு அதன் மூன்றாம் எழுத்தான ஆர். பதினொரு மாநிலமும் முடிந்துவிட்டது, பாருங்கள். சபாவுக்கு எஸ், சரவாக்குக்குக் கியூ.

ஆனால் விளையாட்டில் இந்த வழி அடைபட்டிருக்கிறது. மனிதர் முகத்தையும் வண்டி எண்ணையும் மங்கலாக்கித்தான் படத்தைப் போடுகிறார்கள். கறுப்புப் பலகை என்பது தெரியும், எழுத்து தெரியாது. அப்போது என்ன செய்வது? பிள்ளைகள் சாலைப் பலகையைத் தேடிப் போனார்கள். எண் மட்டும் இருந்தால் அது கூட்டரசுச் சாலை. ஜொகூர் பாருவிலிருந்து தாய்லாந்து எல்லையில் உள்ள புக்கிட் காயு ஈத்தாம் வரை போகும் பழைய சாலைக்கு எண் 1. எழுத்தும் எண்ணும் சேர்ந்து இருந்தால் அது பெரும்பாலும் மாநிலச் சாலை. தீபகற்பத்தில் அந்த எழுத்து, நான் இப்போது சொன்ன அதே வண்டி எழுத்துதான். வண்டியில் மறைத்ததைச் சாலையோரத்துப் பலகை காட்டிக் கொடுத்துவிடுகிறது.

அடுத்தது கடைப் பலகையில் உள்ள தொலைபேசி எண். 03 என்றால் கோலாலம்பூர், சிலாங்கூர். 04 என்றால் பினாங்கு, கெடா, பெர்லிஸ். 05 பேராக். 06 மலாக்காவும் நெகிரி செம்பிலானும். 07 ஜொகூர். 09 என்றால் கிழக்குக் கரை, அதாவது பகாங், திரங்கானு, கிளந்தான். 08 என்று தொடங்கினால் கடல் கடந்து சபா, சரவாக் பக்கம் போய்விட வேண்டியதுதான். ஒட்டுக்கடைப் பலகையில் பாதி அழிந்துபோன ஓர் எண், அதிலே இவ்வளவு செய்தி!

எழுத்தின் வடிவமும் பேசும். தெருப் பலகையிலும் கடைப் பலகையிலும் ஜாவி எழுத்து நிறையத் தென்பட்டால் கிளந்தானையும் திரங்கானுவையும் முதலில் நினைக்கலாம், கெடாவையும் பகாங்கையும் அடுத்து நினைக்கலாம். விளக்குக் கம்பத்தில் கொடி தொங்கினால் இன்னும் எளிது. வெள்ளை, மஞ்சள், கறுப்பு பேராக். மேலே வெள்ளை, கீழே கறுப்பு பகாங். சிவப்பும் மஞ்சளும் கட்டம் கட்டமாக இருந்தால் சிலாங்கூர்.

இரண்டாவது, நிலம். சாலைக்குப் பின்னால் செங்குத்தாக நிற்கும் வெண்மையான சுண்ணாம்புக் குன்றும், பக்கத்தில் ஈய லம்பம் தோண்டிய பழைய குளமும் இருந்தால் கிந்தா பள்ளத்தாக்கு, அதாவது ஈப்போவைச் சுற்றிய பகுதி என்று சொல்லலாம். கண்ணுக்கெட்டிய தூரம் வயலும் வாய்க்காலுமாக இருந்தால் கெடாவின் மூடா சமவெளி. தேயிலை சரிவில் படிந்திருந்தால் கேமரன் மலை. அன்னாசி வரிசை வரிசையாகக் கறுப்பு மண்ணில் நின்றால் ஜொகூரின் பொந்தியான் பக்கம். தூரத்தில் மேகத்துக்கு மேலே பாறைத் தலை தெரிந்தால் அது கினபாலு, 4,095 மீட்டர், சபா.

மூன்றாவது, வீடு. கூரையின் இரு முனையும் எருமைக் கொம்பு மாதிரி மேலே வளைந்திருந்தால் நெகிரி செம்பிலான். அங்கே அரசு அலுவலக நுழைவாயிலிலும்கூட அந்தக் கொம்பைப் பார்க்கலாம். மலாய்க்காரர் வீட்டு முன்படி வண்ண ஓடு பதித்து வளைந்து இறங்கினால் மலாக்கா. "ரூமா" என்ற சொல்லுக்குப் பின் ஓர் ஆளின் பெயர் எழுதிய பலகை ஆற்றோரச் சாலையில் இருந்தால் சரவாக். அங்கே நீண்ட வீட்டுக்கு அதன் தலைவரின் பெயரையே வைக்கும் வழக்கம் இருக்கிறது.

நான்காவது, ஊர்ப் பெயர். இதைத்தான் பெற்றோர்கள் கூர்ந்து கேட்க வேண்டும். இந்தப் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் புவியியல் பாடம் தேசிய மொழியில் வரும். புதுச் சொற்களைப் பார்த்துப் பயந்துவிடுவார்களோ என்ற கவலை நமக்கு உண்டு. ஆனால் அந்தச் சொற்களில் பாதி நாம் தினமும் வாயால் சொல்லும் ஊர்ப் பெயரிலேயே இருக்கின்றன. சுங்கை என்றால் ஆறு. கோலா என்றால் ஆறு கடலிலோ வேறோர் ஆற்றிலோ கலக்கும் இடம். புக்கிட் குன்று, குனோங் மலை, தஞ்சோங் முனை, தெலுக் வளைகுடா, பூலாவ் தீவு, பாசிர் மணல், பாரிட் வாய்க்கால், ஊலு ஆற்றின் மேல்பகுதி. பாரிட் என்று தொடங்கும் ஊர்கள் மூவார், பத்து பகாட், பொந்தியான் கரையோரம் ஏராளம். ஏன்? சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டி, தண்ணீரை வடித்து, பிறகு குடியேறிய இடம் அது. பெயரைப் படித்தால் வரலாறும் தெரிகிறது, நிலமும் தெரிகிறது. பத்து என்றால் கல், அது மைல்கல்லையும் குறிக்கும். நம் தாத்தாமார் "நாலாங்கட்டை", "ஏழாங்கட்டை" என்று இடத்தைச் சொன்னார்களே, அதுவும் இதே கணக்குத்தான்.

இதையெல்லாம் கேட்டதும், ஓர் அடையாளத்தைப் பார்த்தவுடன் ஊரைச் சொல்லிவிடலாம் என்று தோன்றும். அங்கேதான் பாடமே இருக்கிறது. ஒரு நாள் திரையில் ஒரு படம் வந்தது. தட்டையான நிலம், இருபுறமும் நெல் வயல், நேராக ஓடும் வாய்க்கால். வகுப்பே எழுந்து நின்று "கெடா! கெடா!" என்று கத்தியது. பின் வரிசையில் ஒரு பையன் மட்டும் உட்கார்ந்தே இருந்தான். அவன் படத்தைச் சற்றுத் தள்ளிப் பார்க்கச் சொன்னான். அங்கே ஒரு கடை, கடைப் பலகையில் ஓர் எண், எண் 03 என்று தொடங்கியது. அது சிலாங்கூரில் உள்ள செக்கிஞ்சான். நெல் கெடாவுக்கு மட்டும் சொந்தமில்லையே! வழக்கமாகக் கணிதத்தில் கடைசியாக வரும் பையன் அவன். அன்று அவனுக்கு வகுப்பே கைதட்டியது.

அதற்காக எண் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. மூவார் ஜொகூரில் இருக்கிறது, அங்கே தொலைபேசி எண் 06. கேமரன் மலை பகாங் மாநிலம், அங்கே எண் 05. அலோர் என்று பெயர் தொடங்கினால் கெடா என்பார்கள், அலோர் ஸ்டார் அங்கேதான் இருக்கிறது. ஆனால் அலோர் காஜா மலாக்காவில் அல்லவா இருக்கிறது! ஆகவே வகுப்பில் இரண்டாவது விதி ஒன்று உண்டானது. அதைச் சொன்னவர்கள் பிள்ளைகளே. "ஒரு சாட்சி போதாது, மூன்று சாட்சி வேண்டும்." நிலம் ஒன்று, எழுத்து ஒன்று, எண் ஒன்று. மூன்றும் ஒரே ஊரைச் சொன்னால் புள்ளி வை. ஒன்று மாறினாலும் மறுபடி பார்.

இந்த விதி விளையாட்டோடு நிற்பதில்லை. கைப்பேசியில் வரும் செய்தியை ஒரே சாட்சியை வைத்து நம்பிவிடுகிறோமே, பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பற்றி ஒருவர் சொன்னதைக் கேட்டு முடிவு கட்டிவிடுகிறோமே, அங்கெல்லாம் மூன்று சாட்சி கேட்கும் பழக்கம் நம் பிள்ளைகளுக்கு வந்தால், அது எத்தனை புள்ளிகளுக்குச் சமம் என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்றையும் வகுப்பில் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். தகரக் கூரை வீட்டைப் பார்த்ததும் "இது ஏழை நாடு" என்று சொல்வது பதில் ஆகாது. தகரக் கூரை எல்லா நாட்டிலும் உண்டு. நம் லயத்திலும் அதுதான் இருந்தது. வறுமையை வைத்து நாட்டை அடையாளம் காண்பவன் நாட்டைப் பார்க்கவில்லை, தன் மனத்தில் முன்பே இருந்ததைப் பார்க்கிறான்.

இனி, பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துப்போன ஒரு கேள்விக்கு வருகிறேன். திரையில் ஒரு பலகை, அதிலே தமிழ் எழுத்து. எந்த நாடு?

"தமிழ்நாடு!" என்று உடனே சொல்லத் தோன்றும். பொறுங்கள், மூன்று சாட்சி எங்கே? தமிழ் எழுத்து தெருவில் தெரியும் நாடுகள் பல. நான்கை எடுத்துக்கொண்டோம். நான்கிலும் வண்டி இடது பக்கம்தான் ஓடும், ஆகவே அது உதவாது. பலகையில் தமிழுக்கு மேலே சிங்களம், கீழே ஆங்கிலம் என்று மூன்று எழுத்து இருந்தால் இலங்கை. தமிழும் ஆங்கிலமும் மட்டும், வண்டிப் பலகை வெள்ளையாகவோ மஞ்சளாகவோ இருந்தால் தமிழ்நாடு. ஓர் எச்சரிக்கைப் பலகையில் ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் என்று நான்கு மொழியும் அடுக்கியிருந்து, சாலைப் பெயர் ரோமன் எழுத்தில் மட்டும் இருந்தால் சிங்கப்பூர். மலாய் மொழிக்குப் பக்கத்தில் தமிழ், வண்டியில் கறுப்புப் பலகை என்றால் நம் நாடு. அது கோயிலாக இருக்கலாம், கிள்ளான் தெங்கு கிளானா சாலைக் கடையாக இருக்கலாம், அல்லது நம் பள்ளியைப் போன்ற ஒரு தமிழ்ப்பள்ளியின் பெயர்ப் பலகையாக இருக்கலாம்.

பேராக்கில் கோல செப்பெத்தாங் என்ற மீனவர் ஊர் இருக்கிறது. முன்பு அதன் பெயர் போர்ட் வெல்ட். 1885 இல் மலாயாவின் முதல் இரயில் அந்த ஊருக்கும் தைப்பிங்குக்கும் இடையில்தான் ஓடியது. இன்று தண்டவாளம் இல்லை, நிலையக் கட்டடம் இல்லை. ஆனால் பழைய நிலையப் பெயர்ப் பலகையைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அதிலே தமிழ் எழுத்தும் இருக்கிறது. அந்தத் தமிழ் எழுத்தை யார் வாசித்திருப்பார்கள்? தண்டவாளம் போட்ட நம் ஆட்களும், அந்த வண்டியில் ஏறி இறங்கிய நம் ஆட்களும்தான். ஒரு பலகை மிச்சமிருந்தால் போதும், "இங்கே இவர்கள் இருந்தார்கள்" என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும்.

பெற்றோர்களே, இப்போது மனத்தைத் தொட்ட ஒன்றைச் சொல்கிறேன். இத்தனை ஊரையும் பார்த்த பிறகு பிள்ளைகள் கேட்டார்கள், "டீச்சர், நம்ம தோட்டத்தைப் பார்க்கலாமா?" பார்த்தோம். பெரிய சாலை வந்தது. சந்திப்பு வந்தது. தோட்டத்து முகப்புப் பலகையும் கேட்டும் வந்தன. அதற்குமேல் படம் நகரவில்லை. கேமரா கார் பொதுச் சாலையோடு போய்விட்டது. தோட்டத்துக்குள் போகும் செம்மண் சாலை தனியார் சாலை, அங்கே அது திரும்பவில்லை. பெரட்டுக்களம் இல்லை, மாரியம்மன் கோயில் இல்லை, ஆயாக்கொட்டகை இருந்த இடம் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. ஒரு சிறுமி மெதுவாகக் கேட்டாள், "அப்போ உலகத்திலே நம்ம பள்ளிக்கூடம் தெரியாதா, டீச்சர்?"

யார்மேலும் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. கார் தன் வழியே போனது, அவ்வளவுதான். ஆனால் எண்ணிப் பாருங்கள். சுவீடனில் உட்கார்ந்து விளையாடும் ஒருவருக்கு நம் இடம் எப்படித் தெரியும்? செம்பனை, செம்பனை, மேலும் செம்பனை. "மலேசியாவில் எங்கோ ஒரு செம்பனைக் காடு" என்று ஒரு புள்ளி வைத்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார். அவருக்கு நாம் இருக்கிறோம் என்பதே தெரியாது.

கணினியில் அந்தப் படங்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. 2014 முதல், ஒரே இடத்தைப் பல ஆண்டுகளில் எடுத்திருந்தால், பழைய படத்தையும் திருப்பிப் பார்க்கலாம். நம் சந்திப்பைத் திருப்பிப் பார்த்தோம். பழைய படத்தில் சாலையோரம் பால்மரம் நிற்கிறது. அடுத்த படத்தில் வெட்டவெளி. கடைசிப் படத்தில் வீடமைப்புத் திட்டப் பலகை. மூன்று படம், ஒரே இடம். "எங்க பாட்டி அங்கேதான் மரம் வெட்டுனாங்க" என்றான் ஒருவன். அந்த இடத்தை அடையாளம் சொல்ல மண்ணில் இனி ஒன்றுமில்லை. பாட்டியின் வாயில்தான் இருக்கிறது.

ஊர்ப் பெயரும் நிலைத்து நிற்பதில்லை. போர்ட் சுவெட்டன்ஹாம் 1972 இல் போர்ட் கிள்ளான் ஆனது. தெலுக் ஆன்சன் 1982 இல் தெலுக் இந்தான் ஆனது. பத்தாங் பெர்ஜுந்தை 2007 இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. அரசு மாற்றிய பெயருக்காவது பதிவு இருக்கிறது. நம் ஆட்கள் தோட்டங்களுக்கு வைத்த தமிழ்ப் பெயர்களுக்கு எங்கே பதிவு? வரைபடத்தில் ஒரு பெயர், நம்ம வாயிலே வேறொரு பெயர் என்றுதானே பல தோட்டங்கள் இருந்தன? ஒன்றுமட்டும் தப்பிப் பிழைத்திருக்கிறது, சொல்கிறேன். இந்த நாட்டில் வணிகத்துக்காக முதன்முதலில் செம்பனை நட்டது 1917 இல், கோல சிலாங்கூர் வட்டாரத்தில். அந்தத் தோட்டத்தின் பெயர் புத்தகங்களில் ரோமன் எழுத்தில் இருக்கிறது. வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், "தென்னமரம்" என்று வரும்! செம்பனையின் வரலாற்றுப் பாடத்தில் முதல் வரியிலேயே ஒரு தமிழ்ச் சொல் உட்கார்ந்திருக்கிறது.

ஆகவேதான் சொல்கிறேன், இந்தப் பிள்ளைகளுக்கு இரண்டு வேலை இருக்கிறது. நாட்டை அவர்கள் அடையாளம் காண வேண்டும். நம் இடத்தையும் நாடு அடையாளம் காணும்படி செய்ய வேண்டும்.

இதில் பெற்றோராகிய உங்கள் பங்கு என்ன? "நாங்க படிக்காதவங்க, எங்களுக்கு என்னங்க தெரியும்" என்று சிலர் சொல்கிறீர்கள். அப்படிச் சொல்லவே கூடாது. பட்டையில் கத்தி வைத்த மாத்திரத்தில் மரத்தின் வயதைச் சொன்னவர்கள் நீங்கள். உதிர்ந்த பழத்தைப் பார்த்து இந்தக் குலையை இன்று வெட்டலாமா, நாளை வெட்டலாமா என்று அண்ணாந்து சொல்பவர்கள் நீங்கள். மேகத்தைப் பார்த்து, இன்று பால் வெட்டு உண்டா இல்லையா என்று விடியுமுன்னே தீர்மானித்தவர்கள் நீங்கள். அடையாளம் பார்த்து அறிவது என்பது இதுதானே? திரையில் பால்மரத் தோப்பு ஒன்று வந்தபோது, இலையெல்லாம் உதிர்ந்து கிடந்தது. "இது பிப்ரவரி, மார்ச் மாதப் படமா இருக்கும், எங்க தாத்தா சொல்லியிருக்கார், அப்பதான் மரம் இலை கொட்டும்" என்று ஒரு மாணவி சொன்னாள். படத்தின் ஓரத்தில் மாதம் போட்டிருந்தது. மார்ச்! அந்த மதிப்பெண் உண்மையில் தாத்தாவுக்குச் சேர வேண்டியது.

ஆகவே உங்களிடம் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன்.

முதலாவது, கைப்பேசி. அதைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு நீங்கள் எழுந்து போகாதீர்கள். அரை மணி நேரம் போதும், பக்கத்தில் உட்காருங்கள். இதற்குப் பணம் கட்டத் தேவையில்லை. அண்ணனோ அக்காவோ கூகுள் வரைபடத்தில் ஒரு சாலையைத் திறந்து, ஊர்ப் பெயரை மறைத்துக் காட்டினால் போதும். "எந்த ஊர்?" என்று மட்டும் கேட்காதீர்கள், "எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். அரை மணி முடிந்ததும் வாங்கி வைத்துவிடுங்கள்.

இரண்டாவது, பயணம். தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் பேருந்தில் போகிறோம். கலியாணத்துக்குச் சுங்கை சிப்புட்டுக்கோ குளுவாங்குக்கோ போகிறோம். பிள்ளையைச் சன்னலோரம் உட்கார வையுங்கள். மாநில எல்லை தாண்டியது எப்படித் தெரிந்தது என்று கேளுங்கள். வண்டியிலே விளையாட்டுத் திரை எதற்கு? சன்னல்தான் திரை. அங்கே வண்டி எண்ணையும் யாரும் மறைக்க மாட்டார்கள்!

மூன்றாவதுதான் முக்கியம். அடுத்த தவணையில் ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உங்கள் வீட்டுக்கு வருவார்கள். அதன் பெயர் "எங்கள் இடத்தின் அடையாளங்கள்". எந்தப் பிரிவுக்கு நாம் என்ன பெயர் சொன்னோம், பழைய லயம் எங்கே இருந்தது, எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுத்தோம், கோயில் முதலில் எந்த மரத்தடியில் இருந்தது, பெரட்டு மணி எங்கே தொங்கியது, நீங்கள் இங்கே வருவதற்கு முன் எந்தத் தோட்டத்தில் இருந்தீர்கள் என்றெல்லாம் கேட்பார்கள். "அதெல்லாம் எதுக்குப்பா இப்போ" என்று தயவுசெய்து திருப்பி அனுப்பிவிடாதீர்கள். உட்கார வைத்துச் சொல்லுங்கள். ஒரு வீட்டில் சொன்னதை இன்னும் இரண்டு வீட்டில் கேட்டுச் சரிபார்ப்பார்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள். மூன்று சாட்சி விதி அவர்களுக்கு மனப்பாடம். பிறகு ஒரு வரைபடம் வரைந்து, பள்ளிக் கூடத்திலே மாட்டுவோம். பெரியவர்கள் அனுமதித்தால் படமும் எடுத்து, பெயரோடு இணைய வரைபடத்திலும் சேர்ப்போம். கார் வராத இடத்துக்கு நம் பிள்ளைகள் நடந்தே போவார்கள்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. நாளைக்கு நீங்கள் ஜொகூரில் வேலை பார்க்கலாம், சபாவில் ஆசிரியராகப் போகலாம், வெளிநாட்டுக்கும் போகலாம். போன இடத்தில் மிரண்டு நிற்காதீர்கள். மண்ணைப் பாருங்கள், பலகையைப் படியுங்கள், எண்ணைக் கவனியுங்கள், மூன்று சாட்சியைக் கேளுங்கள். எந்த ஊரும் தன்னைப் பற்றிச் சொல்லத் தயாராகவே இருக்கிறது, கேட்பதற்குத்தான் ஆள் வேண்டும். அங்கே யாராவது "நீ எந்த ஊர்?" என்று கேட்டால், "எங்கோ ஒரு தோட்டம்" என்று தலையைக் குனிந்து சொல்லாதீர்கள். ஆற்றின் பெயர், சாலையின் எண், கோயிலின் பெயர், பள்ளியின் பெயர், எல்லாவற்றையும் சொல்லிப் புள்ளி வையுங்கள்.

இன்று பரிசு பெறும் மாணவர்களுக்கு என் வாழ்த்துகள். பரிசு பெறாதவர்களுக்கும் வாழ்த்துகள். செக்கிஞ்சானைக் கண்டுபிடித்தவன் இந்த ஆண்டு பரிசுப் பட்டியலில் இல்லை. ஆனால் அவன் யார் என்று அவன் வகுப்புக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.